பட்டை ரம்பத்தின் வரலாறும் பழுதும்

இரண்டு சக்கரங்களின் மேல் முடிவில்லாத வளையமாக ஓடி மரத்தை அறுக்கும் பட்டை ரம்பம், அதாவது தச்சுப் பட்டறைகளில் பேண்ட்சா என்று வழங்கும் இயந்திரம், எண்ணத்தில் தோன்றியதற்கும் நடைமுறையில் பயன்பட்டதற்கும் இடையே ஏறத்தாழ 40 ஆண்டுகள் கழிந்தன. லண்டனைச் சேர்ந்த வில்லியம் நியூபெரி 19ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டிலேயே இதற்குக் காப்புரிமை பெற்றுவிட்டார். சக்கரமும் சட்டமும் செய்ய அன்றைய பட்டறைகளால் முடிந்தது. ஆனால் வளைந்து நிமிர்ந்துகொண்டே இருக்கும் பிளேடைத் தாக்குப்பிடிக்கும் எஃகில் செய்யவும், அதன் இரு முனைகளையும் உறுதியாகப் பற்றவைக்கவும் எவராலும் முடியவில்லை.

அந்த முடிச்சை அவிழ்த்தவர் ஆன் பாலின் கிரெப்பேன் என்ற பிரெஞ்சுப் பெண்மணி. பிளேடின் முனைகளை இணைக்கும் முறைக்கு 1846இல் அவர் காப்புரிமை கோரினார். அதன் உரிமையை வாங்கிய பாரிஸ் நகரத்துப் பெரேன் நிறுவனம், மேம்பட்ட எஃகையும் பதமேற்றும் முறையையும் அதனுடன் சேர்த்து, நீடித்து உழைக்கும் பிளேடை உருவாக்கியது. பட்டை ரம்பத்தின் வரலாற்றில் சட்டத்தை வடிவமைத்தவர்களைவிட இந்தப் பெண்மணிக்கே முதலிடம் தர வேண்டும். ஏனெனில் இயந்திரத்தின் உயிர் அந்த இணைப்பில்தான் இருக்கிறது.

அது தாங்கும் சுமையைக் கணக்கிட்டால் இது விளங்கும். அமெரிக்காவின் டெல்டா நிறுவனம் 1930களில் வீட்டுப் பட்டறைகளுக்கென விற்பனைக்குக் கொண்டுவந்து, பின்னர் பல நாடுகளில் படியெடுக்கப்பட்ட 14 அங்குலச் சக்கர இயந்திரத்தில் பிளேடின் நீளம் 93½ அங்குலம். நிமிடத்துக்கு 3,000 அடி வேகத்தில் ஓடும்போது அது நிமிடத்துக்கு ஏறக்குறைய 385 முறை சுற்றிவருவதால், அதன் ஒவ்வொரு புள்ளியும் அதே நிமிடத்தில் 770 முறை வளைந்து நிமிர்கிறது. பிளேடின் தடிமன் சக்கர விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு மேல் போகலாகாது என்ற பட்டறை விதி இதனால்தான் பிறந்தது.

பழைய இயந்திரத்தைப் புதுப்பிப்பவர் எதிர்கொள்ளும் பழுதுகளும் பெரும்பாலும் இந்த வரலாற்றின் வழியிலேயே வருகின்றன. வார்ப்பிரும்புச் சட்டம் எளிதில் கெடுவதில்லை. தேய்ந்தும் இறுகியும் போவது பிளேடு, டயர், ஸ்பிரிங், பேரிங் ஆகியவையே. சக்கர விளிம்பில் ஒட்டப்படும் ரப்பர்ப் பட்டையான டயர், பல இயந்திரங்களில் நடுவில் சற்றே மேடாக இருக்கும். ஓடும் பட்டை எப்போதும் மேட்டை நோக்கி ஏறும் இயல்புடையது என்பதால், மேல் சக்கரத்தைச் சிறிது சாய்த்தாலே பிளேடு நடுவில் நிலைபெறுகிறது. ரப்பர் காய்ந்து மேடு தேய்ந்த பின் எவ்வளவு சாய்த்தும் பிளேடு நிலைகொள்ளாமல் நழுவும்.

தட்டும் ஒலி கேட்டால் அதன் தாளத்தைக் கவனிக்க வேண்டும். 14 அங்குல இயந்திரத்தில் சக்கரம் இரண்டு சுற்றுக்குச் சற்று மேல் சுற்றினால்தான் பிளேடு ஒரு சுற்று முடிக்கும். எனவே பிளேடின் சுற்றுக்கு ஒருமுறை ஒலித்தால் குற்றம் பற்றவைப்பில். சக்கரத்தின் சுற்றுக்கு ஒருமுறை ஒலித்தால் டயரில். நெடுநாள் ஓடாமல் நின்ற இயந்திரத்தில் மோட்டார் பெல்ட்டும் நின்ற வடிவிலேயே இறுகி அதிர்வை உண்டாக்கும். வெட்டு ஒரு பக்கம் இழுத்துச் சென்றால், இடமும் வலமுமாக மாறி மாறிச் சாய்க்கப்பட்ட பற்களில் ஒரு பக்கம் மழுங்கியிருக்கக்கூடும். பிளேடை இழுத்துப் பிடிக்கும் ஸ்பிரிங், பல ஆண்டுகள் இறுக்கியபடியே விடப்பட்டால் குறுகிப்போய், அளவுகோல் காட்டும் இழுவிசையைத் தராது.

1939க்கு முந்தைய பெரிய இயந்திரங்கள் பலவற்றில் குண்டு பேரிங்குக்குப் பதிலாகப் பாபிட் பேரிங் இருக்கும். அமெரிக்கரான ஐசக் பாபிட் 1839இல் உருவாக்கிய, மென்மையானதும் தகரம், ஆன்டிமனி, செம்பு கலந்ததுமான இவ்வுலோகத்தை ஷாஃப்டைச் சுற்றி உருக்கி வார்த்து, பின் சுரண்டிப் பொருத்துவார்கள். வார்க்கும் கூட்டில் ஈரம் துளியளவு இருந்தாலும் நீராவி வெடித்து உருகிய உலோகம் சிதறும் என்பதால், கூட்டை முன்கூட்டியே சூடாக்கி உலர்த்தாமல் இப்பணியில் இறங்கலாகாது. அக்காலத்து வண்ணப் பூச்சில் ஈயம் கலந்திருப்பது வழக்கமாதலால், அதை உலர்வாகத் தேய்த்துத் தூசியாக்குவதும் ஆபத்தே.

சட்டத்தில் விரிசல் இல்லாத பட்டை ரம்பத்தைப் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போடுவது தவறு. 14 அங்குல டெல்டா வகைக்குரிய டயரும் ஸ்பிரிங்கும் 93½ அங்குல பிளேடும் இன்றும் புதிதாகவே விற்பனைக்குக் கிடைக்கின்றன.