கயிற்றைச் செய்தவர் யார்?

பனையேறியின் உடம்பில் இருக்கும் பொருட்களை எண்ணிச் சொன்னால் ஒரு சிறு அகராதியே தேறும். கால்களைப் பிணைக்கும் தளைநார், இடுப்பில் தொங்கும் அரிவாள்பெட்டி, அதற்குள் பாளை அரிவாள், பாளையை இதமாக நசுக்கும் கடிப்பு, பதநீர் இறக்கும் குடுவை, அடிமரத்தில் சாய்த்து வைத்து முதல் மிதிக்கு உதவும் முருக்குத்தடி. தென்மாவட்டங்களில் ஊருக்கு ஊர் இப்பெயர்கள் சற்றே மாறும். இவற்றில் எதன் மீதும் தயாரித்தவரின் முத்திரை இருக்காது. நாரைத் தந்தது பனை, முறுக்கியவன் ஏறுகிறவனே, இரும்பை அடித்தவர் அதே ஊர்க் கொல்லர். அரிவாளில் குறையிருந்தால் உலைக்களத்துக்கே போய்க் கேட்கலாம். தளைநார் அறுந்தால் பழி சொல்ல வேறு ஆளில்லை.

இந்த நெருக்கம் குலைந்த பிறகுதான் 'யாரிடம் வாங்குவது' என்ற கேள்வி எழுந்தது. சில காலத்துக்கு முன் நண்பர்கள் சிலர் சேர்ந்து எங்கள் ஊரில் தென்னை ஏறும் பத்துப் பேருக்குக் கருவி வாங்கித் தரப் பணம் திரட்டினோம். பணம் சேர்ந்தது; முடிவு சேரவில்லை. ஒரு பட்டறைக்காரர் பாதி விலை சொன்னார். எவ்வளவு எடை தாங்கும் என்று கேட்டதற்கு, "எல்லாம் தாங்கும் சார்" என்றார். இன்னொருவர் விலை அதிகம். ஆனால் கம்பியின் கனம், சோதித்த எடை, எப்போது மாற்றவேண்டும் என்பதையெல்லாம் எழுதித் தந்தார். பத்துப் பேருக்கும் கிடைப்பதா, ஆறு பேருக்கு நல்லதாகக் கிடைப்பதா? அந்த விவாதத்தில் நான் வாய்மூடி இருந்தேன். விடை தேடித்தான் இக்கருவிகளின் வரலாற்றைப் படிக்கத் தொடங்கினேன்.

மரமேறுவதை ஒரு தனித் தொழிலாக நிறுவன வடிவில் வளர்த்தவர்களுள் முக்கியமானவர் ஜான் டேவி. 1846-இல் இங்கிலாந்தின் சாமர்செட்டில் பிறந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர். 1901-இல் 'மர மருத்துவர்' என்ற பொருள்படும் தலைப்பில் நூல் எழுதினார். ஒஹையோ மாநிலத்தின் கென்ட் நகரில் அவர் தொடங்கிய நிறுவனம் இன்றும் இயங்குகிறது; 1979 முதல் அது ஊழியர்களுக்கே சொந்தம். அந்தத் தலைமுறையினர் மணிலா நார்க்கயிற்றையும் ஒரு முடிச்சையும் நம்பி ஏறினார்கள். கயிற்றை மேலே கிளையில் போட்டு, ஒரு முனையில் தன்னைக் கட்டிக்கொண்டு, மறுபக்கக் கயிற்றின் மீது அந்த முனையின் மிச்சத்தால் ஓர் உராய்வு முடிச்சு போடுவார்கள். தளர்த்தினால் முடிச்சு நகரும். எடை விழுந்தால் இறுகும். பனையேறியின் தளைநார் செய்யும் வேலையும் உராய்வுதான். அங்கே நாருக்கும் மரத்துக்கும் இடையில். இங்கே கயிற்றுக்கும் கயிற்றுக்கும் இடையில்.

நார்க்கயிறு உள்ளுக்குள் மக்கும், வெளியே தெரியாது. 1930-களில் நைலான் வந்தது. 1953-இல் எடெல்ரிட் என்ற ஜெர்மானிய நிறுவனம் உள்ளே இழைக்கற்றையும் அதன்மேல் பின்னிய உறையுமாக ஒரு கயிற்றை உருவாக்கியது. எடையை உள்ளிழை தாங்கும். தேய்மானத்தை உறை ஏற்கும். இன்றைய மலையேற்றக் கயிறுகள் பெரும்பாலும் இந்த அமைப்பின் வழிவந்தவையே.

கயிறு மாறியபோது முடிச்சும் மாற வேண்டியதாயிற்று. இங்கேதான் நம் கேள்விக்கு நேரடித் தொடர்புள்ள ஒரு கதை இருக்கிறது. 1931-இல் கார்ல் புரூசிக் என்ற ஆஸ்திரிய மலையேறி தன் பெயரால் வழங்கும் உராய்வு முடிச்சை வெளியிட்டார். முதல் உலகப்போரின்போது இசைக்கருவிகளின் அறுந்த நரம்புகளைச் செப்பனிட அவர் அதைக் கையாண்டதாகச் சொல்லப்படுகிறது. அவருக்கு உரிய பெயர் அவருக்கே கிடைத்தது. ஆனால் எல்லோருக்கும் அப்படி அமைவதில்லை. அரை நூற்றாண்டுக்குப் பின் ஹைன்ஸ் புரோஹாஸ்கா என்பவர் இன்னொரு உராய்வு முடிச்சை 1981-இல் ஆஸ்திரிய மலை வழிகாட்டிகளுக்கான இதழொன்றில் விளக்கினார். 1990-இல் குகை ஆய்வாளர்களின் ஆங்கில இதழிலும் அது வந்தது. மரமேறிகள் அவ்விதழ்களைப் படிப்பவர்கள் அல்லர். 1994-இல் ஜேசன் பிளேக் என்ற அமெரிக்க மரமேறி அதே முடிச்சைத் தானாகவே கண்டடைந்து, மரத்தொழில் இதழொன்றுக்குக் கடிதமாக எழுதினார். தொழிலுலகம் அதை உடனே ஏற்றுக்கொண்டது. இன்று உலகெங்கும் மரமேறப் பழகுகிறவர்கள் கற்கும் அடிப்படை முடிச்சுகளில் அதுவும் ஒன்று. பெயர், பிளேக் முடிச்சு.

இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. ஒருவர் முதலில் கண்டார். இன்னொருவர் தேவைப்பட்டவர்களிடம் கொண்டு சேர்த்தார். முடிச்சுக்கு விலை கிடையாது என்பதால் வழக்கும் எழவில்லை. முடிச்சு உலோகமாகி விலைக்கு வரும்போதுதான் நியாயத்தின் கேள்வி கூர்மையாகிறது.

கயிற்றைக் கவ்வும் உலோகக் கருவிகளுள் பெயர்பெற்றது 'ஜூமார்'. 1958-இல் சுவிட்சர்லாந்தில் உருவானது. அடோல்ப் ஜூசி கழுகுகளை ஆராய்ந்தவர். பாறை விளிம்பிலுள்ள கூடுகளை அணுகக் கயிற்றில் ஏறி இறங்க வேண்டிய தேவை அவருடையது. கருவியாக்கிய திறன் வால்ட்டர் மார்ட்டியுடையது. இருவர் பெயரின் முதலெழுத்துகளையும் சேர்த்து அதற்குப் பெயரிட்டார்கள். கருத்தும் கைத்திறனும் ஒரே பெயருக்குள் சமமாக உட்கார்ந்திருப்பது அபூர்வமான காட்சி.

பிரான்ஸின் பெட்ஸ்ல் நிறுவனத்தின் வேரும் இத்தகைய தேவையில்தான் இருக்கிறது. பெர்னாண்ட் பெட்ஸ்ல் குகை ஆய்வாளர். 1930-களிலும் 40-களிலும் பியர் ஷெவாலியே முதலியோருடன் கிரெனோபிள் அருகிலுள்ள தான் த குரோல் மலையின் குகைகளில் இறங்கியவர். தானும் தோழர்களும் தொங்குவதற்கான கருவிகளையே அவர் தம் பட்டறையில் செய்தார். 1975-இல் பிள்ளைகளுடன் சேர்ந்து அதை நிறுவனமாக்கினார். பிற்காலத்தில் அந்நிறுவனம் மரமேறிகளுக்காக உராய்வு முடிச்சின் வேலையைச் செய்யும் இணைப்புச் சங்கிலி போன்ற உலோகக் கருவியொன்றைக் கொண்டுவந்து, அதை 'எந்திரப் புரூசிக்' என்றே அழைத்தது. முடிச்சு போட்டவரின் பெயர் உலோகத்திலும் தொடர்ந்தது.

அந்தக் கருவியின் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது அதன் தோல்விதான். 2013-இல் சந்தைக்கு வந்த சிறிது காலத்திலேயே சில கருவிகளில் விரிசல்கள் தென்பட்டன. நிறுவனம் விற்றவற்றைத் திரும்பப் பெற்றது. பின்னர் திருத்திய வடிவத்தை வெளியிட்டது. ஒரு நிறுவனத்தின் விளம்பரத்தை விட அதன் திரும்பப் பெறும் அறிவிப்பு அதைப் பற்றி அதிகம் சொல்கிறது என்று நினைக்கிறேன். எந்தக் கருவி எந்தத் தொகுதியில் செய்யப்பட்டது என்று பதிவு வைத்திருப்பவரால்தான் தவற்றைக் கண்டதும் திரும்ப அழைக்க முடியும். பதிவே இல்லாதவர் மனச்சாட்சி உள்ளவராக இருந்தாலும், விற்றதைத் தேடிப்போக அவருக்கு வழியில்லை.

இந்தப் பொறுப்பு தானாக வந்துவிடவில்லை. அமெரிக்காவில் மரத்தொழிலுக்கான பாதுகாப்பு நெறிமுறை 1972-இல் முதன்முதலாக வெளிவந்தது. மரவேலையில் மகனைப் பறிகொடுத்த ஒரு தாய் விடாமல் எழுதியும் கேட்டும் கொண்டிருந்ததே அதற்குத் தூண்டுதல். நான்கு ஆண்டுகள் கழித்து, 1976-இல் செயின்ட் லூயி நகரில் மரமேறிகளின் போட்டி ஒன்று தொடங்கியது. மரத்தின் மேல் மயங்கித் தொங்கும் சக ஊழியரை எப்படிக் கீழே இறக்குவது என்பதைப் பழக்குவது அதன் முக்கிய நோக்கம். ஐரோப்பாவில் 1989-இன் ஆணை, உயரத்திலிருந்து விழாமல் காக்கும் கருவிகளைத் தயாரிப்பவர் தாமே சான்றளித்துக்கொள்ள முடியாதபடி செய்தது. வெளியமைப்பொன்று சோதிக்க வேண்டும். தொடர்ந்து வரும் உற்பத்தியையும் கண்காணிக்க வேண்டும். 2018 முதல் அதனிடத்தில் புதிய ஒழுங்குவிதி நடைமுறையில் இருக்கிறது. இத்தகைய கருவியில் 'சிஇ' முத்திரைக்கு அருகில் நான்கிலக்க எண் ஒன்று இருக்கும். உற்பத்தியைக் கண்காணிக்கும் அமைப்பின் எண் அது. எண்ணில்லாத வெறும் முத்திரையைக் கண்டால் ஐயப்பட வேண்டும்.

முத்திரை நேர்மைக்கு முழுச் சான்றாகிவிடாது. கருத்துக்கு உரியவருக்குப் பங்கு போனதா என்பதை எந்தச் சோதனைக்கூடமும் பார்ப்பதில்லை. அதற்கு நல்ல முன்மாதிரி கெவின் பிங்ஹாம் என்ற அமெரிக்க மரமேறியின் கருவி. ஒற்றைக் கயிற்றில் ஏறி அதே அமைப்பில் இறங்கும்போது முடிச்சின் மீது விழும் எடை மிகுந்து அது இறுகிவிடும். கயிற்றைச் சற்றே வளைத்து அந்த எடையில் ஒரு பகுதியைத் தான் ஏற்றுக்கொள்ளும் சிறு கருவியை அவர் உருவாக்கினார். வேல்ஸைச் சேர்ந்த ஐ.எஸ்.சி. நிறுவனம் அதை அவருடன் இணைந்து உற்பத்தி செய்தது. மரத்தில் தொங்கிக்கொண்டு யோசித்தவரும் ஆலை வைத்திருப்பவரும் கைகோக்க முடியும் என்பதற்கு இது சான்று.

நமக்கு அருகிலும் இதுபோன்ற ஒரு வரலாறு உண்டு. கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்திலுள்ள செம்பேரியைச் சேர்ந்த எம்.ஜே. ஜோசப், தென்னை ஏறும் கருவியை வடிவமைத்துக் காப்புரிமை பெற்ற விவசாயி. அப்பச்சன் என்று அழைக்கப்பட்டவர். இரண்டு இரும்புச் சட்டங்கள். வலக்காலுக்கு ஒன்று, இடக்காலுக்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் மரத்தைச் சுற்றிவரும் எஃகுக் கம்பிவட வளையம். மிதித்தால் வளையம் மரத்தை இறுக்கும். காலின் எடையை எடுத்துவிட்டுக் கையால் தூக்கினால் தளர்ந்து மேலே நகரும். நின்றபடியே, படியேறுவதுபோல் மாறி மாறி ஏறலாம். பரம்பரையாக ஏறாதவர்களுக்கும் மரம் எட்டியது இதனால்தான். 2000-இல் தொடங்கப்பட்ட தேசியப் புத்தாக்க நிறுவனம் அவருக்குத் துணைநின்றது. 2011-இல் தென்னை வளர்ச்சி வாரியம் 'தென்னையின் தோழர்கள்' பயிற்சியைத் தொடங்கியபோது, பெண்களும் கருவியுடன் தென்னை ஏறக் கற்றார்கள்.

அவர் ஊரின் பெயரும் அவர் பெயரும் சேர்ந்து இன்று ஒரு மாதிரியின் பெயராகிவிட்டன. பல பட்டறைகள் அவ்வடிவத்தைச் செய்கின்றன. நகல்கள் மலிவாக வந்ததால் பலருக்குக் கருவி கிடைத்தது என்பதை மறுக்க முடியாது. ஆனால் நகலெடுப்பவர் சட்டத்தின் வடிவத்தை எடுத்துக்கொள்கிறார். ஒவ்வொரு பாகமும் ஏன் அந்தக் கனத்தில் இருக்கிறது என்ற காரணத்தை எடுத்துக்கொள்வதில்லை. கம்பிவடத்தின் தரத்தைக் குறைத்தால் விலை குறையும். குறைத்தது தெரியவரும் இடமோ அறுபதடி உயரம்.

பனைக்கு இந்தத் தீர்வும் முழுமையாகப் பொருந்தவில்லை. பனையின் அடிமரம் பருத்தது, சொரசொரப்பானது, சுற்றளவு உயரத்துக்கு உயரம் மாறுவது. வளையத்தை நடுவழியில் திருத்த வேண்டியிருக்கும். பதநீர் இறக்குகிறவர் காலையும் மாலையும் பல மரங்கள் ஏறியாக வேண்டும். ஒவ்வொரு மரத்திலும் கருவியைப் பூட்டிக் கழற்றும் நேரமே அவர் கூலியைத் தின்றுவிடும். 1987-இல் கள்ளுக்குத் தடை வந்தபின் இத்தொழிலை விட்டவர்கள் பலர். 2022-இல் தமிழ்நாட்டுத் தோட்டக்கலைத் துறை சிறந்த பனையேறும் கருவிக்கு ஒரு இலட்சம் ரூபாய் பரிசு அறிவித்தது. நல்ல முயற்சி. ஆனால் பரிசு ஒருமுறை தரப்படுவது. கண்டுபிடித்தவர் தொடர்ந்து திருத்தவும், உதிரிப் பாகம் தரவும், தவறினால் திரும்பப் பெறவும் ஆண்டுதோறும் வாங்குகிறவர்கள் வேண்டும். அந்த ஆதரவை அரசாணையால் மட்டும் தர முடியாது.

இவ்வளவையும் படித்துவிட்டு நண்பர்களிடம் திரும்பியபோது என்னிடம் சில கேள்விகள் இருந்தன. செய்தவர் ஏறுகிறவர்களிடம் கேட்டுச் செய்தாரா? வடிவம் யாருடையது என்று ஒளிக்காமல் சொல்கிறாரா? விற்ற கருவிக்கு எண்ணும் பதிவும் வைத்திருக்கிறாரா? இந்தக் கேள்விகளுடன் ஊரில் மூத்த மரமேறி ஒருவரையும் அழைத்து உட்கார வைத்தோம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் ஒன்றுதான் கேட்டார்: "கம்பி தேஞ்சா யாருய்யா மாத்தித் தருவா?"

வடிவம் செம்பேரியிலிருந்து வந்தது என்று முதல் பேச்சிலேயே சொன்னவர் அந்த இரண்டாவது பட்டறைக்காரர். கம்பியை இரண்டு ஆண்டுகளுக்கு மாற்றித் தருவதாகவும் எழுதிக் கொடுத்தார். அவரிடம் ஆறு கருவிகள் வாங்கினோம். மீதி நால்வருக்கு அடுத்த ஆண்டு என்று சொல்லியிருக்கிறோம். அவர்களில் ஒருவர் இதற்கிடையில் விழுந்துவிடக் கூடாதே என்ற கவலை எனக்கு இன்னும் இருக்கிறது. மலிவானதை வாங்கியிருந்தால் அந்தக் கவலை பத்துப் பேரைப் பற்றியதாக இருந்திருக்கும் என்றுதான் சமாதானம் சொல்லிக்கொள்கிறேன்.

பெரியவர் தமக்குக் கிடைத்த கருவியின் வளையத்தை விரலால் தடவிப் பார்த்து, எண்ணைச் சரிபார்த்துக் கையெழுத்திட்டு வாங்கிக்கொண்டார். பழைய தளைநாரைத் தூக்கி எறியவில்லை. சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டார்.