கயிறு இழுத்தவள்

திருநெல்வேலிப் பக்கம் பிறந்த பெண்களுக்கு அம்பாசமுத்திரம் என்றதும் மரச்செப்புதான் நினைவுக்கு வரும். ஓலைப்பெட்டிக்குள் அம்மி, உரல், உலக்கை, திருகை, அடுப்பு, குடம் என்று ஒரு சமையலறையே விரலளவில் இருக்கும். என் ஐந்து வயதில் அப்பா எனக்கு ஒரு பெட்டி செப்பும் அண்ணனுக்கு ஒரு பம்பரமும் ஒரே கடையில் வாங்கித் தந்தார். இரண்டும் கடைசல் பட்டறையில் பிறந்தவை. அவன் பம்பரத்தோடு தெருவுக்குப் போனான். நான் திண்ணையில் உட்கார்ந்து மண்ணில் சோறு பொங்கினேன்.

இந்தப் பிரிவினை புதிதல்ல. தச்சர் செய்த பொம்மைத் தேரைச் சிறுவர்கள் கையால் இழுத்து மகிழ்வதைக் குறுந்தொகையின் 61ஆம் பாடல் உவமையாக்குகிறது. பின்னாளில் ஆண்பால் பிள்ளைத்தமிழின் இறுதிப் பருவங்கள் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என அமைந்தன. சிறுமியர் கட்டிய மணல்வீட்டை ஆண்பிள்ளை காலால் சிதைப்பான். வேண்டாம் என்று அவர்கள் கெஞ்சுவார்கள். வகுப்பில் இதை அழகு என்று பல ஆண்டுகள் நானும் நடத்தியிருக்கிறேன்.

செப்பு என்றால் சிமிழ். மூடியுள்ள சிறு கலம். நம் கவிஞர்கள் அதைப் பெண்ணின் மார்புக்கு உவமையாக்கிச் சலிக்கவில்லை. அழகான பெண்ணைக் 'கடைந்தெடுத்த சிலை' என்று இன்றும் சொல்கிறோம். கடையப்படும் பொருளாக மொழிக்குள் எங்கும் பெண் இருக்கிறாள். கடைபவளாக இருக்கிறாளா?

இருக்கிறாள், அடுப்படியில். மோர் கடைகிறாள், கீரை கடைகிறாள். மரத்துக்கும் அதே வினைச்சொல்தான். ஆனால் மரம் கடைபவருக்குக் கடைசல்காரர் என்று தொழிற்பெயர் உண்டு. மோர் கடைபவளுக்கு அப்படி ஒரு பெயர் இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன் அம்பாசமுத்திரத்தில் ஒரு பட்டறைக்குப் போனேன். மின்மோட்டாரில் மரத்துண்டு சுழன்றது. உளி பட்டதும் சுருள் சுருளாகச் சீவல் பறந்தது. கண்முன்னே ஒரு கிண்ணம் வயிறு பெற்றது. பிறகு வண்ண அரக்குக் குச்சியைச் சுழலும் மரத்தில் அழுத்தினார்கள். உராய்வின் சூட்டில் அரக்கு உருகிப் படர்ந்தது. தாழை மடலால் தேய்க்க, மினுமினுப்பு வந்தது. உளி பிடித்தவர்கள் எல்லாரும் ஆண்கள். செப்புகளைத் துடைத்து, எண்ணி, பெட்டியில் அடுக்கியவர்கள் பெண்கள்.

அடுக்கிக்கொண்டிருந்த மூதாட்டியிடம், மோட்டார் வருவதற்கு முன் எப்படிக் கடைந்தார்கள் என்று கேட்டேன்.

"கயித்தச் சுத்தி முன்னயும் பின்னயும் இழுக்கணும்மா, மத்து இழுக்க மாதிரி. நாந்தான் இழுப்பேன். அவுக உளி பிடிப்பாக. வயித்துல புள்ளைய வச்சிக்கிட்டும் இழுத்திருக்கேன்."

"அப்போ நீங்களும் கடைசல்காரர்தானே, பாட்டி?"

சிரித்தார். "உளி பிடிச்சவுகளத்தான அப்படிச் சொல்லுவாக!"

கயிறு நின்றால் மரம் நிற்கும். மரம் நின்றால் உளிக்கு வேலையில்லை. இழுப்பின் வேகம் சற்றுப் பிசகினாலும் வடிவம் கெடும். அப்படியென்றால் இழுத்தது வெறும் உடலுழைப்பு, செதுக்கியது மட்டும் கலை என்று எதை வைத்துப் பிரித்தோம்? மோட்டார் வந்தபோது உளி பிடித்தவருக்கு வேலை எளிதாயிற்று. கயிறு இழுத்தவளுக்கோ அந்த வேலையே போயிற்று. அவள் பெட்டி அடுக்கப் போனாள். கைவினை வரலாறு இதை 'முன்னேற்றம்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடும்.

அவர் பெயரைக் கேட்டேன். சொன்னார், "எழுதிராதம்மா, அவுக பேரு இருக்கட்டும்" என்றும் சொன்னார். அவர் சொல்லை மீற எனக்கு உரிமையில்லை. ஆனால் என் மாணவிகளிடம் இப்போதெல்லாம் ஒரு வேலை கொடுக்கிறேன். உங்கள் வீட்டில் ஒரு தொழில் இருந்திருந்தால், அதைச் செய்தவர் யார் என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். கயிறு இழுத்தது யார் என்றும் கேட்டு எழுதி வாருங்கள்.