கூவத்தின் தலையும் வாயும்

சென்னையின் நடுவே ஓடும் கூவம் ஆற்றின் சீர்கேட்டுக்குச் சாக்கடை ஒன்றையே காரணமாகச் சொல்வது வழக்கமாகிவிட்டது. ஆயினும் தலைப்பில் நன்னீர் வரத்தும் முகத்துவாரத்தில் கடலேற்றமும் குன்றியதனால்தான் அச்சாக்கடை ஆற்றை முழுதாக ஆட்கொள்ள முடிந்தது என்பதை அதன் வரலாறு காட்டுகிறது.

கேசாவரம் அணைக்கட்டில் கொசத்தலையாற்றிலிருந்து பிரியும் நீரும், திருவிற்கோலம் என்னும் பாடல்பெற்ற தலம் அமைந்த கூவம் கிராமத்து ஏரியின் உபரிநீரும் இவ்வாற்றுக்குப் பிறப்பளித்தவை. நகருக்குள் அது வந்து சேர்ந்த இடங்களில் அந்நீர் பிழைப்புக்கும் வழிபாட்டுக்கும் பயன்பட்டது. 1734-இல் ஆற்றின் வளைவொன்றில் சிந்தாதிரிப்பேட்டை நெசவாளர் குடியிருப்பாக உருவானபோது, நூற்போரும் நெய்வோரும் துணி வெளுப்போரும் அங்கே குடியமர்த்தப்பட்டனர். கோமளீஸ்வரன்பேட்டையில் பச்சையப்ப முதலியார் (1754–1794) கூவத்தில் நீராடிய பின்னரே கோயிலுக்குச் சென்றார் எனச் சொல்லப்படுகிறது.

நகரின் தாகம் பெருகப் பெருக, மேற்புறத்து நீர் ஆற்றுக்கு வராமல் ஏரிகளுக்குத் திரும்பியது. கேசாவரத்திலிருந்து பூண்டிக்கும், கொரட்டூர் அணைக்கட்டிலிருந்து புதிய பங்காரு கால்வாய் வழியே செம்பரம்பாக்கத்துக்கும் அது செல்வதால், மழைக்காலம் தவிர்ந்த மாதங்களில் கீழாற்றுக்கு எஞ்சுவது சொற்பமே. மறுமுனையில் நேர்ந்த கேடு அதனினும் பெரிது. ஆனால் அதிகம் பேசப்படாதது. சோழமண்டலக் கரையோரத்தில் ஆண்டின் பெரும்பகுதியில் மணல் வடக்கு நோக்கி நகர்கிறது. 1870-களில் தொடங்கிய துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர்கள் அந்நகர்வை மறித்ததனால், தெற்கே மெரினா கடற்கரை அகன்றது, வடக்கே இராயபுரம் அரிக்கப்பட்டது, துறைமுகத்தை ஒட்டித் தெற்கில் இருக்கும் கூவத்தின் வாயிலோ மணல்திட்டு அடைத்துக்கொண்டது. ஆற்றை நாள்தோறும் இருமுறை அலசிவந்த கடலேற்றம் இவ்வாறு தடைப்பட, தேங்கிய நீரில் கழிவு தங்கிப் புளித்தது.

1967-இல் முதலமைச்சர் அண்ணாதுரை காலத்தில் தொடங்கிய சீரமைப்புத் திட்டம் ஆற்றைப் பொழுதுபோக்கு நீர்வழியாக்க முயன்று, கரையில் படகுத்துறைகளைக் கட்டியது. படகுகள் சில காலமே ஓடின. கரையை அழகுபடுத்துவது பாராட்டத்தக்க நோக்கமே எனினும், நீரோட்டத்தை மீட்காமல் அது நிலைத்திருக்க இயலாது. நீரிலுள்ள கரிமக் கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜனின் அளவே உயிர்வேதியியல் ஆக்சிஜன் தேவை எனப்படுகிறது. குளிப்பதற்கான நீரில் அது லிட்டருக்கு 3 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்றும், கரைந்துள்ள ஆக்சிஜன் 5 மில்லிகிராமுக்குக் குறையக்கூடாது என்றும் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வகுத்திருக்கிறது. நகர எல்லைக்குள் இவ்வளவைக் கூவம் எட்டவேண்டுமானால், சுத்திகரிக்கப்படாத கழிவுநீர் கலக்கும் ஒவ்வொரு வாய்க்காலையும் அடைப்பதுடன், கேசாவரத்திலிருந்து வரவேண்டிய பங்கு நீரையும் முகத்துவாரத்தில் தொடர்ந்து மணல் அகற்றும் பணியையும் சேர்த்தே திட்டமிட வேண்டியிருக்கும்.