குகை எழுத்துகளும் பழகிய கண்களும்

மதுரைக்கு வடகிழக்கே, மாங்குளத்தை அடுத்த மீனாட்சிபுரத்தில் ஒரு குன்று உண்டு. ஓவாமலை என்றும் கழுகுமலை என்றும் அதனை வழங்குவர். ஏறுவோர் கண்ணில் முதலிற் படுபவை பாறையில் வழவழப்பாகச் செதுக்கிய கற்படுக்கைகள். ஊரார் இவற்றைப் பஞ்சபாண்டவர் படுக்கை என்பர். நான் முதன்முறை ஏறியபோது படுக்கைகளை எண்ணிப் பார்த்துவிட்டு, மனம் நிறைந்தவனாய் இறங்கிவிட்டேன். எழுத்துகள் இருந்தது தலைக்கு மேலே. மழைநீர் உள்ளே வழியாதபடி பாறை முகப்பில் வெட்டிய காடியின் அருகே, ஒவ்வொன்றும் பெரிய எழுத்தாகப் பொறிக்கப்பட்டிருந்தும் அண்ணாந்து பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

அந்தப் பிழைக்கு நாணியது உண்டு. ஆயினும் அவ்வெழுத்துகளை அண்ணாந்து பார்த்த பேரறிஞர்களுக்கே அவற்றின் மொழி நெடுங்காலம் புலப்படவில்லை என்பதைப் பின்னர் அறிந்தபோது சற்று ஆறுதல் உண்டாயிற்று. அவ்வரலாறு நம் சமுதாயத்தார் அனைவரும் அறிந்திருக்க வேண்டியது. ஏனெனில் அக்குகைகளில் உறைந்தோர் யார், அவர்களைப் புரந்தோர் பேசிய மொழி எது என்னும் வினாக்களுக்கான விடை அதில் அடங்கியிருக்கிறது.

அசோகன் கல்வெட்டுகளின் பிராமி எழுத்தை ஜேம்ஸ் பிரின்செப் 1837, 1838 ஆண்டுகளில் படித்துக் காட்டினார். அது இந்திய வரலாற்றுக்குக் கிடைத்த பெருந்திறவுகோல். ஆனால் அத்திறவுகோலோடு ஓர் எண்ணமும் ஒட்டிக்கொண்டே வந்தது. பிராமி எழுத்து என்றால் மொழி பிராகிருதமே என்பதுதான் அது. வடக்கே கிடைத்தவையும் இலங்கைக் குகைகளில் கிடைத்தவையும் அவ்வாறே இருந்தமையால், அவ்வெண்ணத்தை ஐயுறுவதற்குக் காரணமே இருக்கவில்லை. மாங்குளத்துக் குகையை 1882இல் இராபர்ட் சூவெல் குறித்தார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாண்டிநாட்டுக் குன்றுகளில் மேலும் பல குகைகள் வெளிப்பட்டன. அரசின் கல்வெட்டுத் துறையில் விளங்கிய வெங்கையா, இக்குகைகள் இலங்கைக் குகைகளை ஒத்திருப்பதைக் கண்டார். ஆதலின் மொழி பாலியாகலாம், உறைந்தோர் பௌத்தராகலாம் எனக் கருதினார். அவருக்குப் பின் வந்த கிருஷ்ண சாஸ்திரியார் 1919இல் பூனாவில் கூடிய கீழ்த்திசை மாநாட்டில் இவற்றைப் பற்றிக் கட்டுரை வழங்கினார். இடையிடையே தமிழ்ச் சொற்கள் தோன்றுவதை அவர் கண்டார். எனினும் மொழி முழுவதும் தமிழாகலாம் என்னும் முடிவுக்கு வரவில்லை.

இவர்களைக் குறை கூறுவது எளிது, நேர்மையன்று. இருவரும் தம் துறையில் ஒப்பற்றவர்கள். அவர்களைத் தடுத்தது அறியாமையன்று, முன்னைய வெற்றியே. ஒரு திறவுகோல் நூறு பூட்டுகளைத் திறந்துவிட்டால், நூற்றோராவது பூட்டு திறவாதபோது பூட்டுத்தான் துருப்பிடித்தது என்று தோன்றுமேயன்றி, திறவுகோல் வேறாகலாம் என்று தோன்றாது. கல்வெட்டில் பொருள் விளங்காத இடங்களை எழுதியவனின் பிழை, கல்லின் தேய்வு என்று ஒதுக்கிவிட முடிந்தது.

கே.வி. சுப்பிரமணிய ஐயர் 1924இல் சென்னையில் நடந்த மூன்றாம் கீழ்த்திசை மாநாட்டில் வேறொரு வழியைக் காட்டினார். மற்றவர் இவ்வெழுத்துகளில் என்ன இருக்கிறது என்று தேடினர். அவரோ எது இல்லை என்றும் கேட்டார். பிராகிருதத்திற்கு இன்றியமையாத க, ஜ, த, ப முதலியவற்றின் அதிர்வொலி வடிவங்களைக் காண்பதே அரிதாயிருந்தது. அதே வேளையில், அசோகன் எழுத்தில் காணப்படாத சில வடிவங்கள் மீண்டும் மீண்டும் வந்தன. அவற்றைப் பழகிய எழுத்தின் திரிந்த வடிவங்களாகக் கொள்ளாமல், ழ, ள, ற, ன என்னும் தமிழுக்குரிய எழுத்துகள் என்று அவர் துணிந்தார். துணிந்த அளவில் குகைகள் தமிழ் பேசத் தொடங்கின. புதிய கல்வெட்டு ஒன்றும் அவருக்குக் கிடைத்துவிடவில்லை. எல்லார் முன்னும் இருந்த அதே படிகள்தாம் அவர் கையிலும் இருந்தன.

ஆயினும் பழக்கம் ஒரே நாளில் விடைபெறுவதில்லை. சொற்கள் தமிழே என்று தெளிந்த பின்னும் வாசகம் கரடுமுரடாகவே இருந்தது. அதற்குக் காரணம் இன்னும் நுண்ணியது. வட பிராமியில் குறியீடு இல்லாத எழுத்து அகரம் ஏறிய உயிர்மெய். ‘ம’ வடிவம் தனித்து நின்றால் அது மகரம். பக்கத்தில் ஒரு கோடு சேர்ந்தால் ‘மா’. குகைகளின் பழைய முறையிலோ தனித்து நிற்பது ‘ம்’ என்னும் மெய். கோடு சேர்ந்தால்தான் ‘ம’, அக்கோடே சில இடங்களில் ‘மா’வும் ஆகும். இம்முறையில் ‘மகன்’ என்று எழுதியதை அசோகன் வழக்கில் படித்தால் ‘மாகான’ என்றாகும். அப்படி ஒரு சொல் எம்மொழியிலும் இல்லை. மெய்யைத் தனியே எழுதவேண்டிய தேவை தமிழுக்கு மிகுதி. சொல்லிறுதியில் மெய் வருவது நம் மொழியின் இயல்பன்றோ? அத்தேவைக்காகப் பழந்தமிழர் எழுத்தின் விதியையே மாற்றி அமைத்திருந்தனர். ஆந்திர நாட்டுப் பட்டிப்புரோலுவில் கிடைத்த பேழைகளின் எழுத்தில் இதற்கு ஒத்த முறை இருப்பதை பியூலர் 1890களிலேயே சுட்டியிருந்தார். அச்செய்தி நூல்களில் இருந்தது. குகைகளைப் படித்தோர் அதனை இங்கே பொருத்திப் பார்க்கப் பல்லாண்டுகள் சென்றன. தி.நா. சுப்பிரமணியன் 1938இல் வெளியிட்ட ‘பண்டைத் தமிழ் எழுத்துக்கள்’ என்னும் நூலில் இம்முறையை விளக்கினார்.

இவ்விரு திறப்புகளையும் கைக்கொண்டு 1960களில் குகை குகையாக ஏறியவர் ஐராவதம் மகாதேவன். அவர் கல்வெட்டுத் துறையில் பயின்றவர் அல்லர். இந்திய ஆட்சிப் பணி அலுவலர். மாங்குளத்தில் அவர் படித்தது நெடுஞ்செழியன் என்னும் பாண்டியப் பெயர். கணி நந்தாசிரியர் என்னும் துறவிக்கு அவ்வரசனைச் சார்ந்த கடலன் வழுதி அறமாகச் செய்வித்த பள்ளி அது. காலம் கி.மு. இரண்டாம் நூற்றாண்டளவு. அதே குன்றில் வெள்ளறை நிகமத்தார் என்னும் வணிகக் குழுவினரின் கொடையும் உண்டு.

கரூரை அடுத்த புகலூரில் கிடைத்தது இதனினும் சிறப்புடையது. கோ ஆதன் செல்லிரும்பொறையின் மகன் பெருங்கடுங்கோன், அவன் மகன் இளங்கடுங்கோ இளங்கோ ஆனபோது, யாற்றூர்ச் செங்காயபன் என்னும் துறவிக்குக் கல்லில் உறையுள் அறுத்த செய்தி அங்குள்ளது. பதிற்றுப்பத்தின் ஏழாம், எட்டாம், ஒன்பதாம் பத்துகளின் தலைவரான சேரர் மூவரோடு இம்மூன்று தலைமுறையையும் மகாதேவன் பொருத்திக் காட்டினார். நமக்கு அதில் இன்னொரு சொல்லும் முக்கியம். செங்காயபன் ‘அமணன்’ என்றே குறிக்கப்படுகிறார்.

பௌத்தர் குகைகள் என்னும் பழைய கருத்தும் இவ்வாறே தளர்ந்தது. ‘தம்மம்’ என்னும் சொல்லைக் கண்டவுடன் புத்தரை நினைப்பது ஒரு பழக்கம். சமண ஆகமங்களின் பிராகிருதத்திலும் அச்சொல் உண்டு. கீழவளவு, கருங்காலக்குடி போன்ற இடங்களில் பின்னாளில் தீர்த்தங்கரர் திருவுருவங்கள் செதுக்கப்பட்டதும் அங்கே சமணத் தொடர்ச்சிக்குச் சான்றாகிறது.

இவ்விடத்தில் நம்மவருக்கும் ஒரு சொல் கூறாதிருக்க இயலவில்லை. கற்படுக்கை கண்ட இடமெல்லாம் நம்முடையதே என்று மேடைகளில் முழங்குவதை அண்மைக் காலத்தில் மிகுதியாகக் கேட்கிறேன். புகலூரில் ‘அமணன்’ இருக்கிறது. எல்லாக் குகையிலும் இல்லை. பெயரும் கொடையும் மட்டுமே உள்ள இடங்களில், பின்னைய திருவுருவங்களையும் அண்டைக் குகைகளின் சான்றையும் சேர்த்தே முடிவு சொல்லவேண்டும். வெங்கையா இலங்கையை நோக்கிப் பௌத்தம் என்றார். நாம் நம் வீட்டை நோக்கிச் சமணம் என்றால் அவ்விரண்டும் ஒரே வகைப் படிப்புத்தான். குன்றுகளைக் கல்லுக்காக உடைக்கும் தொழில் மதுரை வட்டாரத்தில் பெருகிய பின், ஒவ்வொரு எழுத்தையும் உள்ளவாறு பதிந்து வைப்பது முன்னிலும் அவசரமாகிவிட்டது. அப்பணியில் மிகைக்கூற்று உதவாது. வழக்கு மன்றத்தில் முதலில் தோற்பது அதுவே.

புகலூர்க் குன்றை இன்று ஆறுநாட்டார்மலை என்பர். மேலே முருகன் கோயில். அடியார் கூட்டம் படியேறிச் சென்றுகொண்டேயிருக்கும். அக்குன்றின் பாறை மறைவில், மகன் இளங்கோ ஆன நாளின் நினைவாக ஒரு முதிய அமணருக்கு அறுத்த கல் அப்படியே கிடக்கிறது. போகிறவர்கள் மாலை வெயில் சாய்ந்து விழும் பொழுதில் போகவேண்டும். எழுத்தின் பள்ளங்களில் அப்போதுதான் நிழல் கட்டும்.