இரு ஞானியரின் பிணக்கு

ஒரே கோயிலில் முழந்தாட்படியிடுவோர் அனைவரும் ஒரே கருத்தினராய் இருப்பர் என்று புறத்தே நிற்போர் எண்ணுவதுண்டு. அகத்தே இருப்போர் உண்மையை அறிவர். கத்தோலிக்க திருச்சபையின் நீண்ட சரித்திரத்தைப் புரட்டிப் பார்ப்போர், ஒரே விசுவாசத்தைக் கொண்ட நல்லோர் தமக்குள்ளே நிகழ்த்திய வாதங்கள் பலவற்றை அதன் ஏடுகளிற் காண்பர். அவ்வாதங்களிற் சில சபையைப் புண்படுத்தின. சில அதனை வளர்த்தன. இவ்வேறுபாடு எதனால் உண்டாயிற்று? இவ்வினாவுக்கு விடை காணும் பொருட்டு, ஏறக்குறைய 1,600 ஆண்டுகளுக்கு முன் மத்தியதரைக் கடலைக் கடந்து சென்ற சில கடிதங்களின் கதையை இன்று நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

கடிதங்களை எழுதியோர் இருவர். ஒருவர் அர்ச். அகுஸ்தீனார். 354ஆம் ஆண்டில் வட ஆபிரிக்காவிலே பிறந்து, இன்று அல்ஜீரியா நாட்டில் அன்னாபா என வழங்கும் இப்போ நகரில் 391இல் குருவாகி, சில ஆண்டுகளின் பின் அந்நகரின் ஆயராக உயர்ந்தவர். மற்றவர் அர்ச். ஜெறோம் முனிவர். உரோமாபுரியிலே தமாசுஸ் பாப்பரசருக்குச் செயலாளராயிருந்து, 386 முதல் பெத்லகேமிலே துறவு வாழ்க்கை நடத்தியவர். எபிரேயம், கிரேக்கம், இலத்தீன் என்னும் மும்மொழியும் வல்லவர். ஜெறோம் வயதில் மூத்தவர். அகுஸ்தீனார் பதவியில் உயர்ந்தவர். தம் வாழ்நாளில் ஒரு முறையேனும் இவ்விருவரும் நேரிற் சந்தித்திலர்.

பிணக்கின் காரணமும் விந்தையானதே. அப்போஸ்தலர் இருவருக்கிடையே நேர்ந்த பிணக்கைப் பற்றியே இவ்விருவரும் பிணங்கினர். அந்தியோக்கியாவிலே இராயப்பர் புறவினத்துக் கிறீஸ்தவர்களோடு கூடியிருந்து உண்டு வந்தார்; யூதச் சட்டத்தைக் கைக்கொண்ட சிலர் வந்ததும் அஞ்சி விலகிக்கொண்டார்; அதனைக் கண்ட சின்னப்பர் எல்லார் முன்னிலையிலும் அவரைக் கடிந்து பேசினார். இச்செய்தியைக் கலாத்தியருக்கு எழுதப்பட்ட நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்திற் காணலாம். அப்போஸ்தலர் மெய்யாகவே மோதினர் என்றால் புறமதத்தார் நகைப்பரே என்று முன்னைய வியாக்கியானிகள் சிலர் அஞ்சினர். அவர்களைப் பின்பற்றிய ஜெறோம் முனிவர், அது பிறரைத் திருத்தும் பொருட்டு இருவரும் மேற்கொண்ட பாவனையே என்று எழுதியிருந்தார். அகுஸ்தீனாருக்கு இவ்விளக்கம் பொருந்தவில்லை. நன்மை கருதியாயினும் வேதாகமத்தின் ஓரிடத்திற் பொய் உளது என ஒப்புக்கொண்டால், பின்னர் எவ்விடத்தை ஐயமின்றி நம்புவது? இதுவே அவர் எழுப்பிய வினா.

395ஆம் ஆண்டளவில், தாம் குருவாயிருந்த காலத்திலேயே, அகுஸ்தீனார் இதனைக் கடிதமாக எழுதினார். அதனைக் கொண்டு செல்ல இசைந்தவர் புறப்படுமுன்னரே ஓர் ஊருக்கு ஆயராக்கப்பட்டார். பின் சில காலத்தில் இறந்தும் போனார். கடிதம் பெத்லகேமைச் சேரவில்லை. சில ஆண்டுகள் கழித்து அகுஸ்தீனார் மீண்டும் எழுதினார். இம்முறை கடிதத்தை ஏற்றவர் கடற்பயணத்துக்கு அஞ்சித் தங்கிவிட்டார். ஆள் தங்கினாலும் கடிதம் தங்கவில்லை. எவரோ அதனைப் பிரதி செய்தனர். இத்தாலியிலே பலர் வாசித்தனர். அதிரியாத்திக் கடலில் உள்ள ஒரு தீவிலே வேறு ஏடுகளுக்கிடையில் ஒரு பிரதியைத் தியாக்கோன் ஒருவர் கண்டெடுத்தார். இவ்வாறு உரியவரைச் சேருமுன் அக்கடிதம் ஊராரைச் சேர்ந்தது. முன்னர் எழுதியதை மறுத்து எழுதும்படி மூத்தவரை இளையவர் அழைக்கும் பகுதியும் அதில் இருந்தது. ஆபிரிக்க ஆயர் ஜெறோமுக்கு எதிராக ஒரு நூலே எழுதி உரோமாபுரிக்கு அனுப்பிவிட்டார் என்ற வதந்தியும் கூடவே பரந்தது.

நெடுங்காலம் பாடசாலைகளை நடத்தி வந்தவன் என்ற முறையில் இவ்விடத்தில் ஒன்று சொல்லலாம். ஆசிரியர் இருவர் மனம் முறிந்து என்முன் வந்து நின்ற வேளைகளில், வாதத்துக்குரிய பொருள் அவர்களை நோகச் செய்ததை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன். “என்னிடம் சொல்லாமல் மற்றவர்களிடம் சொன்னாரே” என்பதுதான் பெரும்பாலும் புண்ணாயிருக்கும். பெத்லகேம் முனிவருக்கும் அப்புண்ணே உண்டாயிற்று. இயல்பாகவே சினம் மிக்கவர் அவர். கையொப்பமில்லாப் பிரதியை நம்பி மறுமொழி எழுத இயலாது என்றும், கடிதம் மெய்யாகவே அகுஸ்தீனாருடையதாயின் நேராக அனுப்பலாமே என்றும் எழுதினார். புகழ்பெற்ற முதியவரைத் தாக்கிப் பெயர் தேடுவது இளையோர் வழக்கம் என்று குத்தியும் காட்டினார்.

இப்பொழுது அகுஸ்தீனார் செய்யக்கூடியன இரண்டு. ஆயர் என்னும் தம் பதவியைக் காட்டிக் கடிந்துகொள்ளலாம்; அன்றேல் சமாதானத்தின் பொருட்டுத் தம் வினாவையே கைவிட்டுவிடலாம். இரண்டையும் அவர் செய்திலர். ஜெறோமுக்கு எதிராக நூல் எழுதவில்லை என்று தெளிவுபடுத்தினார். வழிதவறிய கடிதங்களின் பிரதிகளை நம்பிக்கையான ஒருவர் கையிற் கொடுத்தனுப்பினார். தம் சொல்லால் மூத்தவரின் மனம் நொந்திருப்பின் மன்னிக்குமாறு வேண்டினார். 405ஆம் ஆண்டளவில் எழுதிய நீண்ட கடிதத்தில், பதவிப் பெயரால் ஆயர் குருவினும் மேலானவராயினும், பல வகையில் அகுஸ்தீன் ஜெறோமுக்குத் தாழ்ந்தவனே என்னும் கருத்துப்பட எழுதினார். ஆனால் அதே கடிதத்தில், வேதாகமத்திற் பொய்க்கு இடமில்லை என்ற தம் கொள்கையிலிருந்து அவர் அணுவளவும் அசையவில்லை. காயப்படுத்தியதற்கு மன்னிப்பு, கருத்துக்கு விளக்கம். இவ்விரண்டையும் அவர் ஒன்றோடொன்று குழப்பாமையே நாம் கருதத்தக்கது.

அகுஸ்தீனாரை இவ்வளவு எச்சரிக்கையுடன் நடக்கச் செய்த காரணம் ஒன்றுண்டு. ஜெறோம் முனிவரும் ரூபீனுஸ் என்பாரும் இளமை தொட்டு உயிர் நண்பர். ஒரிஜன் என்னும் பழைய ஆசிரியரின் கொள்கைகளைப் பற்றி அவர்களுக்குள்ளே பிரிவு உண்டாயிற்று. 397இல் எருசலேமிலே கைகோத்துச் சமாதானமாயினர். ஆயினும் அடுத்த ஆண்டே ரூபீனுஸ் தம் நூலொன்றின் முகவுரையில் ஜெறோமையும் ஒரிஜனின் அபிமானி எனத் தோன்றுமாறு எழுத, பகை மீண்டும் மூண்டது. ஒருவரையொருவர் தாக்கி நூல்கள் எழுதினர். இச்செய்தி அகுஸ்தீனாரை நடுங்கச் செய்தது. அவ்விருவரையும் ஓரிடத்திற் காணக் கிடைத்தால் அவர்கள் காலில் விழுந்து அழுது மன்றாடுவேன் என்ற கருத்தை ஜெறோமுக்கே எழுதினார். அப்பேறு கிட்டவில்லை. ரூபீனுஸ் சிசிலித் தீவில் இறந்தார். இறந்த பின்னும் ஜெறோம் அவரை இகழ்ந்து எழுதினார். பேரறிவும் தவமும் உடையவரே ஆயினும், அன்பு தவறியவிடத்து என்ன நேரும் என்பதற்கு இது சான்று.

ஆபிரிக்காவுக்கும் பெத்லகேமுக்கும் இடையே இரண்டாவது வழக்கொன்றும் இருந்தது. எழுபதின்மர் இயற்றியதெனப்படும் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பை அடியொற்றிய இலத்தீன் வேதாகமமே கோயில்களில் அதுகாறும் வழங்கிற்று. ஜெறோம் முனிவர் நேரே எபிரேய மூலத்திலிருந்து புதிதாக மொழிபெயர்த்தார். இன்றைய திரிப்போலி நகரம் நிற்கும் இடத்திலிருந்த ஊரில், ஆயர் ஒருவர் யோனா ஆகமத்தைப் புதிய மொழிபெயர்ப்பில் வாசிப்பித்தார். யோனாவுக்கு நிழல் தந்த செடி சுரை என்றே கேட்டுப் பழகிய மக்கள், அதன் பெயர் வேறாக ஒலித்தமை கேட்டுக் கொதித்தெழுந்தனர். மந்தை முழுவதையும் இழக்க நேருமோ என அஞ்சி ஆயர் பழைய சொல்லுக்கே மீண்டார். இதனை எடுத்துக்காட்டி, எளிய விசுவாசிகளின் மனத்தையும் கருதவேண்டும் என்றார் அகுஸ்தீனார். எபிரேயச் சொல்லுக்கு நேரான இலத்தீன் சொல் இல்லாமையின் முன்னையோர் சிலரைப் பின்பற்றி வேறு கொடியின் பெயரை இட்டதாக ஜெறோம் விடையிறுத்தார். அச்செடி ஆமணக்கு என்பது பிற்காலத்தவர் பலர் கருத்து. தமிழ் வேதாகமப் பதிப்பிலும் ஆமணக்கு என்றே வாசிக்கிறோம்.

இவ்வழக்குகளின் முடிவு யாது? காலஞ் செல்ல, முனிவரின் சினம் தணிந்தது. வேதாகமமாகிய வயலிலே ஒருவரையொருவர் நோகச் செய்யாது விளையாடுவோம் என்னும் பொருள்பட அவரே எழுதினார். 415இல் அகுஸ்தீனார் ஒரோசியுஸ் என்னும் இளங்குருவைப் பெத்லகேமுக்கு அனுப்பி, ஆன்மாவின் தோற்றம் முதலிய அரிய வினாக்களைப் பற்றிக் கேட்டார். விடையெழுத அவகாசமில்லை என்று முனிவர் தெரிவித்தார். அவர் எப்போதாவது விடை தரக்கூடும் என்று கருதி, அவர் உயிரோடிருக்குங்காறும் அகுஸ்தீனார் அவ்வெழுத்துகளை வெளியிடவில்லை. ஒரு காலத்தில் தம் கடிதம் முந்திப் பரந்ததால் விளைந்த துன்பத்தை அவர் மறந்திலர் போலும்.

இன்னும் ஒன்று. அந்தியோக்கியா நிகழ்ச்சியைப் பற்றி ஜெறோம் முனிவர் தம் இறுதிக்காலத்து நூலொன்றிலே தம் கருத்துக்கு இசைய எழுதியிருப்பதை அகுஸ்தீனார் குறிப்பிடுகிறார். அகுஸ்தீனாரோ, எபிரேயத்திலிருந்து செய்த மொழிபெயர்ப்பைப் பற்றி முன்னர் ஐயுற்றவர், 426ஆம் ஆண்டளவில் ஆமோஸ் தீர்க்கதரிசியின் வாக்கியங்களை ஜெறோமின் மொழிபெயர்ப்பிலிருந்தே எடுத்தாண்டார். எவரும் எவரையும் வெல்லவில்லை. ஒவ்வொருவரும் மற்றவரிடம் கற்றனர். அவ்வாறு கற்பதற்கு இருபது ஆண்டும் அதற்கு மேலும் சென்றன. பொறுமை என்பது இதுவே.

நேயர்களே, இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1962 முதல் 1965 வரை கூடியதன் பின், பூசையிலே இலத்தீன் நீங்கித் தாய்மொழி ஒலிக்கலாயிற்று. அதனை மகிழ்ந்து வரவேற்றோரும் இருந்தனர். பழகிய ஒலியை இழந்தோமே எனக் கலங்கினோரும் இருந்தனர். ஒரே பங்கில், ஒரே வாங்கில் அருகருகே அமர்ந்தோர் இவ்வாறு வேறுபட்டனர். சுரைக்காகக் கொதித்தெழுந்த மக்களின் மனநிலை இதற்கு வெகு தூரத்தில் இல்லை. இத்தகைய வேறுபாடுகள் இனியும் தோன்றும். அப்போது நாம் மாறுபடுவோரிடம் நேரே பேசினோமா, ஊராரிடம் முந்திப் பேசினோமா? நம் கருத்தை விடாதபோதும், நம் சொல் தந்த காயத்துக்கு மன்னிப்பு வேண்டினோமா? அவர் விடை தரும்வரை காத்திருந்தோமா? இவ்வினாக்களுக்கு நாம் அளிக்கும் விடையைப் பொறுத்தே, நம் வாதம் ரூபீனுஸின் வழியிற் செல்வதும் அகுஸ்தீனாரின் வழியிற் செல்வதும் அமையும்.