ஸவால்

அரபுச் சொல். இடம்விட்டு நகர்தல், நீங்குதல் என்பது அடிப்பொருள். உச்சியைத் தொட்ட சூரியன் மேற்கே சாயத் தொடங்கும் கணத்துக்கும் இதே பெயர். லுஹர் எனும் நண்பகல் தொழுகையின் நேரம் அங்கிருந்துதான் பிறக்கிறது. உருதுவில் இது 'ஜவால்'. ஆட்சி சரிவதையும் அங்கே அப்படித்தான் சொல்வார்கள். தகடூரை ஆண்ட அதியமானின் பெயர் மட்டும் மிஞ்சியிருக்கும் அதியமான்கோட்டையில் நின்றுகொண்டு கேட்டால் இந்தப் பொருளுக்கு உரை வேண்டியதில்லை. நாம் விடுகிற 'சவால்' வேறு. அது கேள்வி என்னும் பொருள்கொண்ட 'சுஆல்' வழி வந்தது.

இப்னு உமர் அறிவிக்க, ஸஹீஹ் முஸ்லிம் என்னும் நபிமொழித் தொகுப்பில் பதிவான நபிகளாரின் துஆ (வேண்டுதல்) ஒன்று இச்சொல்லைத்தான் முதலில் வைக்கிறது. நான்கிலிருந்து காவல் தேடும் துஆ அது: இறைவன் தந்த நிஃமத் நீங்குவது, ஆஃபியத் மாறிப்போவது, திடீரென வரும் தண்டனை, அவனுடைய கோபம் அனைத்தும். நிஃமத் என்பது அருட்கொடை. ஆஃபியத், நோய்நொடி இல்லாத நலம். தமிழ் முஸ்லிம்களின் நலம் விசாரிப்பில் இன்றும் புழங்கும் சொல். புதிதாக எதையும் கேட்காத துஆ இது, இருப்பது போகாதிருந்தால் சரி. 'ஸவால்' இங்கே மிகப் பொருத்தம் என்பேன். வெயில் சாய்வதை யாரும் பார்ப்பதில்லை, நிழல் நீண்ட பிறகே தெரியும்.

இந்தத் துஆவில் காவல் தேடுகிறேன் என்பதற்குரிய 'அவூது' என்ற வினையின் வேரில் பிறந்ததே 'தஅவீத்', உருதுவில் தாவீஸ். நம் தாயத்தும் இதிலிருந்து வந்தது என்பார்கள். தாயின் கொப்பூழ்க்கொடியோடு அதை இணைப்பவர்களும் உண்டு. எனக்கு முதல் விளக்கமே பொருந்துவதாகப் படுகிறது.