மீட்டர் பொய் சொல்லும், பெடல் சொல்லாது

1960. அமெரிக்காவில் ஜனாதிபதித் தேர்தல். கென்னடிக்கும் நிக்ஸனுக்கும் கடும் போட்டி. நிக்ஸனுக்கு எதிராக ஒரு போஸ்டர் வந்தது. ஊழல் பட்டியல், கொள்கை விளக்கம் எதுவும் அதில் கிடையாது. நிக்ஸனின் முகம். கூடவே ஒரே ஒரு கேள்வி. 'இந்த ஆளிடம் செகண்ட் ஹேண்ட் கார் வாங்குவீர்களா?'

அவ்வளவுதான். மிச்சத்தை ஜனங்களே புரிந்துகொண்டார்கள். ஒருத்தரை நம்ப முடியாது என்று சொல்ல அந்த தேசத்தில் இதைவிடச் சுருக்கமான வழி இருக்கவில்லை. பழைய கார் வியாபாரிக்கு அப்படி ஒரு பெயர்!

சும்மா வந்த பெயர் இல்லை. அமெரிக்கக் குடும்பக் கார் என்பது அப்போது ஒரு சின்னக் கப்பல். முன்னால் மூன்று பேர், பின்னால் மூன்று பேர், டிக்கியில் வீட்டையே காலி செய்து ஏற்றலாம். ஃபுல் சைஸ் செடான் என்பார்கள். செவர்லே இம்பாலா, ஃபோர்டு கேலக்ஸி வகையறா. 1965ல் மட்டும் பத்து லட்சம் இம்பாலாவுக்கு மேல் விற்றது. பழசைக் கொடு, புதுசை எடு, மீதியைத் தவணையில் கட்டு என்ற பழக்கத்தை ஜெனரல் மோட்டார்ஸ் 1920களிலேயே நன்றாக வளர்த்துவிட்டிருந்தது. வருஷா வருஷம் புது மாடல். டீலர்களின் முற்றம் முழுக்கப் பழைய கார்கள்.

அதில் எது தேறும், எது தேறாது? என்ன விலை தகும்?

விலைக்கு முதலில் ஒரு வழி சொன்னவர் லெஸ் கெல்லி. 1918ல் லாஸ் ஏஞ்சலீஸில் மூன்றே மூன்று மாடல் டி கார்களோடு கடை போட்டவர். எந்தக் காரை என்ன விலைக்கு எடுத்துக்கொள்வேன் என்று பட்டியல் போட்டு, மற்ற டீலர்களுக்கும் வங்கிகளுக்கும் அனுப்பினார். 1926ல் அது 'புளூ புக்' என்று புத்தகமாகவே வந்தது. பழைய கார் உலகத்தின் பஞ்சாங்கம். ஆனால் பொதுமக்களுக்கென்று தனிப் பதிப்பு வந்தது எப்போது தெரியுமா? 1993ல். 67 வருஷம் கழித்து! அதுவரை பஞ்சாங்கம் ஐயர் கையில். கல்யாணம் மட்டும் நம்முடையது.

விலையாவது பரவாயில்லை. மைல் கணக்கு இன்னும் மோசம். அந்தக் காலத்து மீட்டரில் பெரும்பாலும் ஐந்தே இலக்கம். 99,999 தாண்டினால் மறுபடி பூஜ்ஜியம். 20,000 என்று காட்டினால் அது இருபதாயிரமா, லட்சத்து இருபதாயிரமா? விற்கிறவருக்குத் தெரியும். இது தானாகச் சுற்றுகிற கதை. கையால் பின்னோக்கிச் சுற்றுகிற கதை தனி.

பி.காம். படித்தவர்களுக்கு 'கேவியட் எம்ப்டர்' ஞாபகம் இருக்கும். வாங்குகிறவனே, உஷாராக இரு. வணிகச் சட்டத்தின் பழைய மந்திரம். உஷாராக இருக்கலாம் சரி. எதை வைத்து இருப்பது?

இந்தக் கேள்வியை ஒரு பொருளாதாரப் பேராசிரியர் பிடித்துக்கொண்டார். ஜார்ஜ் அகர்லாஃப். மட்டமான காருக்கு அமெரிக்கப் பேச்சுவழக்கில் 'லெமன்' என்று பெயர். எலுமிச்சை. அதையே தலைப்பில் வைத்து ஒரு கட்டுரை எழுதினார்.

கணக்கு ரொம்ப சிம்பிள். உதாரணத்துக்கு, நல்ல கார் 3,000 டாலர் பெறும், மட்டமானது 1,000 பெறும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாங்குகிறவருக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் தெரிகிறது. எதற்கு வம்பு என்று நடுவாக 2,000 கேட்பார். நல்ல கார் வைத்திருப்பவர், போய்யா என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார். மட்டமான கார்க்காரர் சந்தோஷமாகச் சாவியை நீட்டுவார். கொஞ்ச நாளில் சந்தை முழுக்க எலுமிச்சை. ஒருத்தர் பொய் சொன்னால் ஒரு வாடிக்கையாளர் மட்டும் ஏமாறுவதில்லை, யோக்கியமாக விற்கிறவரும் கடையை மூட வேண்டிவரும் என்பதுதான் இதன் சாரம்.

மூன்று பத்திரிகைகள் கட்டுரையைத் திருப்பி அனுப்பின. அதில் இரண்டு, இதெல்லாம் அற்ப விஷயம் என்றன. கடைசியில் 1970ல் அச்சேறியது. 2001ல் அவருக்கு நோபல் பரிசு!

அகர்லாஃப் 1967-68ல் டெல்லியில், இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் இருந்தவர். கட்டுரையில் நம் ஊரும் வருகிறது. கடை அரிசியில் வேண்டுமென்றே கலந்த, அதே நிறம், அதே வடிவக் கல்லைப் பொறுக்கி எடுக்கிற இந்தியக் குடும்பத் தலைவி. இம்பாலா வாங்கப் போகிற அமெரிக்கருக்கும் முறத்தோடு உட்கார்ந்திருக்கும் நம் அம்மாவுக்கும் ஒரே வேலைதான்.

சரி, அரசாங்கம் என்ன செய்தது? மீட்டரைத் திருப்புவதற்கு எதிராக 1972 அக்டோபரில் மத்தியச் சட்டம் வந்தது. விற்கும்போது மைல் கணக்கை எழுதிக் கொடுத்தே ஆகவேண்டும். கையெழுத்துப் போட்ட ஜனாதிபதி யார்? சாட்சாத் நிக்ஸன்! போஸ்டர் அடித்தவர்கள் என்ன நினைத்தார்களோ. அப்படியும் திருப்புவது நிற்கவில்லை. வருஷத்துக்கு 4,50,000 வண்டிகளாவது பொய் மீட்டரோடு விற்கின்றன என்று நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறை 2002ல் மதிப்பிட்டது.

அடுத்தது இதைவிடப் பெரிய சண்டை. 1981ல் ஃபெடரல் டிரேட் கமிஷன் ஒரு விதி போட்டது. டீலருக்குத் தெரிந்த பெரிய பழுதுகளை எழுதிக் கார் கண்ணாடியில் ஒட்டவேண்டும். காரைப் பிரித்துப் பார்க்கச் சொல்லவில்லை. தெரிந்ததைச் சொல்லு என்றார்கள், அவ்வளவுதான். டீலர்கள் கொதித்தார்கள். 1982 மே மாதம் பாராளுமன்றம் விதியைத் தூக்கி வீசியது. செனட்டில் 69க்கு 27. கீழவையில் 286க்கு 133.

அடுத்த வருஷமே ஒரு திருப்பம். கென்யாவில் பிறந்த, இந்திய வம்சாவளியைச் சேர்ந்த ஜகதீஷ் சத்தா என்பவரின் விசா வழக்கு. அவர் நாட்டில் தங்கலாம் என்று அதிகாரிகள் எடுத்த முடிவைப் பாராளுமன்றத்தின் ஒரு அவை ரத்து செய்திருந்தது. இப்படி ரத்து செய்ய அதிகாரமே கிடையாது என்றது உச்ச நீதிமன்றம். அதே சூட்டில் பழைய கார் விதி மீது விழுந்த வெட்டும் செல்லாது என்று ஆனது.

ஜெயித்தாச்சா? ம்ஹும். 1984ல் கமிஷனே விதியைத் திருத்தி எழுதியது. தெரிந்த பழுதைச் சொல்லவேண்டும் என்ற அந்த ஒரு வரியை எடுத்துவிட்டார்கள். 1985லிருந்து கண்ணாடியில் தாள் ஒட்டுகிறார்கள். வாரண்டி உண்டா, அல்லது 'ஆஸ் இஸ்'ஸா என்று அதில் இருக்கும். ஆஸ் இஸ் என்றால், இருக்கிறபடி எடுத்துக்கொள், அப்புறம் வந்து அழாதே என்று அர்த்தம்.

ஆக, வாய் திறக்கவேண்டிய கட்டாயத்தை அந்தத் தாள் டீலருக்கு வைக்கவில்லை. அதனால் காரைத்தான் பேசவைக்க வேண்டும். ஃபோர்டு கிரவுன் விக்டோரியாவை எடுத்துக்கொள்ளுங்கள். போலீசும் டாக்ஸிக்காரர்களும் ஓட்டித் தேய்த்த செடான். 2011ல் உற்பத்தி நின்றது. ஏலத்தில் மலிவாகக் கிடைப்பதால் பல குடும்பங்கள் வாங்கின. மீட்டர் 60,000 என்று காட்டும். பிரேக் பெடல் ரப்பர் மொழுக்கென்று தேய்ந்திருந்தால், டிரைவர் சீட்டின் ஓரம் நைந்திருந்தால், கணக்கு உதைக்கிறது. கண்ணாடிக்குப் பக்கத்துத் தூணில் அடைத்த ஓட்டை இருந்தால் அங்கே போலீஸ் விளக்கு இருந்திருக்கும். போலீஸ் வண்டி நின்ற இடத்திலேயே மணிக்கணக்கில் உறுமும். அந்த ஓட்டத்தை மைல் மீட்டர் எழுதாது. ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால் பானட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், நீங்கள் வருவதற்கு முன்பே யாரோ ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள். குளிர்ந்த இன்ஜின் எப்படி இருமும் என்பதை நீங்கள் கேட்டுவிடக் கூடாதாம்.

இம்பாலாவின் உற்பத்தியும் 2020ல் நின்றது. இனி அந்தக் கப்பல்களில் ஒன்று வேண்டுமென்றால் செகண்ட் ஹேண்ட்தான் வழி. புளூ புக் இருக்கிறது, சட்டம் இருக்கிறது, கண்ணாடியில் தாள் இருக்கிறது. எல்லாவற்றையும் வாசித்து முடித்தபிறகு, ஒரு நல்ல மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போய் உட்கார்ந்து கல் பொறுக்குங்கள். கையெழுத்துப் போட்டு வீட்டுக்கு ஓட்டி வந்தபிறகு பல்லில் கடிபட்டால், அது உங்கள் கல்.